கியர்பாக்ஸைப் பார்த்து எஞ்சின் எடுங்கள்



நான் இன்றைக்கு இந்தக் கல்லூரியில் பேசப்போவது ஒரு சாண் இடத்தைப் பற்றி. எஞ்சின் முடிகிற இடத்துக்கும் கியர்பாக்ஸின் பற்சக்கரங்கள் தொடங்குகிற இடத்துக்கும் நடுவில், பெல் ஹவுசிங் என்கிற உறைக்குள் மறைந்து கிடக்கிறதே, அந்த இடம். கார் கம்பெனியில் அதற்கென்று ஆட்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டு முடித்துவிடுகிறார்கள். கார் வாங்கி ஓட்டுகிற நமக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரிவதில்லை. தன் கையால் கார் கட்டுகிறவருக்கு அது தெரியும். அதிலும் ஒரு காரின் எஞ்சினையும் இன்னொரு காரின் கியர்பாக்ஸையும் வாங்கிப் போட்டுவிட்டு, இரண்டையும் சேர்த்தே தீருவேன் என்று நிற்கிறவருக்கு அது ராத்தூக்கத்தைக் கெடுக்கிற அளவுக்குத் தெரியும்.

பாகங்களாக வாங்கி வீட்டில் கட்டிக்கொள்ளும் கிட் கார் நம் ஊரில் அதிகம் பழக்கமில்லாத சரக்கு. அது செழித்த நாடு இங்கிலாந்து. 1957-இல் வட லண்டனில் ஹார்ன்சி என்ற இடத்தில் காலின் சாப்மன் நடத்திவந்த லோட்டஸ் கம்பெனி, ‘செவன்’ என்ற சிறு காரை வெளியிட்டது. இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த கூடு, மேலே அலுமினியத் தகடு, இரண்டு இருக்கை. முழுக் காராக வாங்கினால் அரசாங்கம் கொள்முதல் வரி போடும். பாகங்களாக வாங்கி வீட்டில் கட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் அது முழுக் காராகிவிடும் என்பதால், லோட்டஸ்காரர்கள் காரைப் பிரிக்கும் முறையை அச்சடித்துக் கொடுத்தார்கள் என்றும், வாங்கினவர் அதைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்துக்கொண்டார் என்றும் ஒரு கதையை அந்த வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். சட்டத்துக்குள்ளேயே நின்றுகொண்டு வரியைச் சுற்றிப் போகும் இந்த வித்தையை நம்மவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த முதல் செவனில் ஃபோர்டின் 1172 சிசி எஞ்சினும், அதே ஃபோர்டின் மூன்று கியர் பாக்ஸும் இருந்தன. பிறந்த நாளிலிருந்தே ஒன்றுக்கொன்று பழக்கப்பட்டவை. சிக்கல் ஒன்றும் இல்லை.

1973 ஏப்ரலில் பிரிட்டனில் மதிப்புக் கூட்டு வரி வந்தது. பழைய கொள்முதல் வரி போயிற்று. கிட் காருக்கு இருந்த லாபமும் அதோடு போயிற்று. செவனின் உரிமையும் அந்த ஆண்டே கேட்டர்ஹாம் என்ற விற்பனையாளர் கைக்கு மாறியது. ஆனாலும் வீட்டுக் கொட்டகையில் கார் கட்டும் பழக்கம் அங்கே ஒழியவில்லை. 1996-இல் ரான் சாம்பியன் என்ற ஆசிரியர், 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று அட்டையிலேயே போட்டு ஒரு புத்தகம் எழுதினார். செவனைப் போன்ற கூட்டை நீங்களே வெல்டிங் அடித்துக்கொள்ளுங்கள். மற்றதையெல்லாம் பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றைப் பிரித்து எடுங்கள் என்பதுதான் அவர் சொன்ன வழி. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வந்தால் சண்டைக்கே இடமில்லை.

ஆனால் அந்தப் பழைய எஸ்கார்ட் காய்லாங்கடைக்கு எத்தனை நாள் வந்துகொண்டிருக்கும்? 1980-இலேயே எஸ்கார்ட் முன்சக்கர இயக்கத்துக்கு மாறிவிட்டது. பின்சக்கர இயக்கத்தோடு மிஞ்சியிருந்த ஃபோர்டு சியராவும் 1993-இல் நின்றது; அதன் இடத்துக்கு வந்த மாண்டியோ முன்சக்கர வண்டி. கிட் கார் கட்டுகிறவருக்கு இதன் விளைவு என்ன? நல்ல எஞ்சின் வேண்டுமென்றால் மாண்டியோவிடம் போக வேண்டும். பின்சக்கரத்தை ஓட்டும் கியர்பாக்ஸ் வேண்டுமென்றால் சியராவிடம் போக வேண்டும். ஒன்று குறுக்காகப் படுத்து ஓடப் பிறந்த எஞ்சின். மற்றது நீளவாக்கில் வேலை செய்யப் பிறந்த பாக்ஸ். பொருந்தாமை என்பது கட்டுகிறவரின் ஆசையால் மட்டும் வந்ததல்ல. கார் தொழில் முன்சக்கரத்துக்கு மாறியதால் அவர் தலையில் விழுந்தது.

மாண்டியோ எஞ்சினை எடுக்கிறவர் அதன் கியர்பாக்ஸையும் சேர்த்தே எடுத்தால் என்ன என்று கேட்கலாம். முன்சக்கர வண்டியின் கியர்பாக்ஸ் தன் வயிற்றிலேயே டிஃபரன்ஷியலை வைத்திருக்கிறது. சக்தி இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு நேரே போகும். பின்னால் நீட்டி புரொப்பெல்லர் ஷாப்ட் மாட்ட வழியில்லை. அப்படியே முழுசாகத் தூக்கி ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் வைத்தால் சரியாகும். எஞ்சினை முதுகுக்குப் பின்னால் வைத்துக் கட்டியதற்குக் கோயம்புத்தூரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. மாருதி 800 எஞ்சினை அப்படி வைத்து எஸ். கரிவர்தன் கட்டிய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்தான் ஃபார்முலா மாருதி. பந்தய வீரர் நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியதும் அதைத்தான். ஆனால் செவன் பாணி காரில் எஞ்சின் மூக்கில்தான் இருக்கும், சுழல்வது பின்சக்கரம்தான். அதில் பிடிவாதமாக இருக்கிறவருக்கு அந்த ஒரு சாண் இடத்திலிருந்து தப்பிக்க வழி கிடையாது.

அதை இனி உள்ளே போய்ப் பார்ப்போம். மாண்டியோவின் எஞ்சின் பெயர் ஸெடெக். சியராவின் ஐந்து கியர் பாக்ஸுக்கு டைப் 9 என்று பெயர். பிரிட்டனில் வீட்டுக் கொட்டகைகளில் அதிகம் சேர்க்கப்பட்ட ஜோடிகளில் இது ஒன்று.

ஃபோர்டு தன் எஞ்சின்களின் முதுகில் உள்ள போல்ட் துளைகளை அடிக்கடி மாற்றுகிற கம்பெனி அல்ல. பின்சக்கர சியராவில் 1.8 லிட்டர் சிவிஹெச் எஞ்சினோடு வந்த பெல் ஹவுசிங், ஸெடெக்கின் முதுகில் ஏறக்குறைய எல்லாத் துளைகளோடும் உட்கார்ந்துவிடும். அதே சியராவில் பின்ட்டோ எஞ்சினோடு வந்த பெல் ஹவுசிங்கைக் கொண்டுவந்தால் உட்காராது. பாக்ஸ் இரண்டிலும் டைப் 9தான், உறைதான் வேறு. இதைக் கவனிக்காமல் விலை மலிவு என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

உறை பொருந்திவிட்டது என்றதும் பலர் கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். வேலையே இனிமேல்தான். கிளட்ச் பிளேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது சம்பந்தம் செய்த இரண்டு வீட்டுக்கும் பொதுவான பிள்ளை மாதிரி: வெளிவட்டம் எஞ்சின் வீட்டைச் சேர்ந்தது, நடுத்துளை கியர்பாக்ஸ் வீட்டைச் சேர்ந்தது. அதன் விட்டம் ஸெடெக்கின் பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் ஒத்துப்போக வேண்டும். நடுவில் உள்ள ஸ்பிளைன் பற்கள் டைப் 9-இன் இன்புட் ஷாப்டில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். டைப் 9-க்கு அது ஓரங்குல விட்டத்தில் 23 பல். எந்த ஒரு காரின் கிளட்ச் செட்டை முழுசாக வாங்கினாலும் இந்த இரண்டும் சேர்ந்து வராமல் போகலாம். அப்போது பிரஷர் பிளேட் ஒரு வண்டியிலிருந்து, பிளேட் இன்னொரு வண்டியிலிருந்து என்று வாங்க வேண்டியதுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது, பைலட் பேரிங். பின்சக்கர வண்டியின் இன்புட் ஷாப்ட் நீளமானது. அதன் மூக்கு கிராங்க் ஷாப்டின் பின்முனையில் ஒரு சிறு பேரிங்குக்குள் நுழைந்து தாங்கிக்கொள்ளும். முன்சக்கர கியர்பாக்ஸின் ஷாப்டுக்கு அந்தத் தாங்கல் தேவையில்லை. ஆகவே ஸெடெக் எஞ்சின் மாண்டியோவிலிருந்து இறங்கும்போது அந்த இடம் காலியாகவே இருக்கும். அங்கே பேரிங்கைப் போட்டுவிட்டு பிளைவீலை மாட்டுவது கட்டுகிறவரின் பொறுப்பு. மறந்தால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது, அதுதான் ஆபத்து. வண்டி கிளம்பும், ஓடும். கொஞ்ச நாள் கழித்து கிளட்ச்சை மிதித்தாலும் கியர் கரகரவென்று விழும். பிறகு கியர்பாக்ஸின் முன் பேரிங் சத்தம் போடும். எல்லாரும் கியர்பாக்ஸைத் திட்டுவார்கள். குற்றம் எஞ்சினுக்குள் போடாமல் விட்ட சின்னச் சாமானில் இருக்கும்.

ஷாப்ட் நீளத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. வி6 எஞ்சினோடு வந்த டைப் 9-இன் இன்புட் ஷாப்ட், நான்கு சிலிண்டர் எஞ்சினோடு வந்ததைவிட நீளம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பாக்ஸ். அந்த நீள ஷாப்டை அப்படியே ஸெடெக்கோடு மாட்டப் போனால் எஞ்சினுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி நிற்கும். அப்போது ஒருவர் சொல்வார்: “போல்ட்டை இறுக்கு, தானா உள்ள போயிடும்.” போகும். ஷாப்டின் மூக்கு கிராங்கின் அடியில் முட்டிக்கொண்டு, கிராங்கை முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். கிராங்க் ஷாப்டுக்கு முன்னும் பின்னும் அசைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிலிருந்து மூன்று பங்கு வரைதான் இடம் இருக்கும். அந்த இடத்தைப் பறித்துவிட்டால் எஞ்சினை ஓட்டின கொஞ்ச நேரத்திலேயே திரஸ்ட் பேரிங் தேய்ந்து போகும். போல்ட்டை இறுக்கித்தான் கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்க்க முடிகிறது என்றால் அங்கே ஏதோ தப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் தள்ளும்போதே முகத்தோடு முகம் உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகும் கிராங்க் முன்போலவே அசைகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஸ்டார்ட்டர் மோட்டாரின் பல் ரிங் கியரோடு சேர்கிறதா, முன்சக்கர வண்டிக்காக வார்த்த ஆயில் சம்ப் இந்தத் தாழ்ந்த காரில் ரோட்டில் இடிக்கிறதா, சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில் இருக்கும் தண்ணீர்க் குழாய் வாய் இப்போது தகட்டுச் சுவரில் முட்டுகிறதா, இப்படி இன்னும் பல. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் தொல்லைகள். பட்டறைக்காரர் பார்த்துக்கொள்வார்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதில்தான் எனக்கு அக்கறை அதிகம். கிராங்க் ஷாப்டின் மையமும் இன்புட் ஷாப்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்கிறதா? இரண்டையும் போல்ட்தான் கோட்டில் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைத்தால் தவறு. போல்ட் துளை எப்போதும் போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதன் வேலை இழுத்துப் பிடிப்பது. மையத்தைத் தீர்மானிப்பவை எஞ்சின் முதுகில் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு டவல் பின்கள். காய்லாங்கடையில் எஞ்சினைக் கழற்றும்போது முதலில் தொலைகிறவையும் அவையே. இரண்டு கம்பெனிப் பாகங்களை அடாப்டர் பிளேட் வைத்துச் சேர்க்கிறவர்கள் அட்டையில் துளைகளை வரைந்துகொண்டு போல்ட் துளையிலிருந்து வேலையைத் தொடங்குவதைப் பார்க்கிறோம். அது தலைகீழ். முதலில் நடு மையம், அதிலிருந்து டவல் துளை, கடைசியில்தான் போல்ட் துளை.

சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது கஷ்டமில்லை. பெல் ஹவுசிங்கை மட்டும் எஞ்சினில் மாட்டுங்கள். பிளைவீலில் காந்தத் தாங்கியை நிறுத்தி, டயல் கேஜின் முனையை பெல் ஹவுசிங்கின் நடுத்துளை விளிம்பில் வையுங்கள். கிராங்கைக் கையால் ஒரு சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். முள் மொத்தமாக எவ்வளவு ஆடுகிறது? ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு, அதாவது சுமார் 0.13 மில்லிமீட்டர் வரை ஆடினால் பரவாயில்லை என்பது தொழிலில் பரவலாகச் சொல்லும் கணக்கு. முள் காட்டுவது இரட்டிப்பு. உண்மையான விலகல் அதில் பாதிதான். அதைத் தாண்டினால் மையம் தள்ளிய டவல் பின்கள் விற்கிறார்கள், அவற்றைப் போட்டுத் திருப்பித் திருப்பிச் சரிசெய்யலாம். பிறகு முனையை விளிம்பிலிருந்து முகத்துக்கு மாற்றி வைத்து, முகம் சாய்ந்திருக்கிறதா என்றும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். இந்த வேலையைச் செய்யாமல் விட்ட கார்களில் கிளட்ச் பிளேட்டின் நடுக்குடம் விரிசல் விடுவதும், ஓடும்போது கியர் தானாகக் கழன்றுகொள்வதும் நடக்கும். அப்போதும் பழி கியர்பாக்ஸ் மேல்தான்.

இதுவரை சொன்னது இரும்பு இரும்போடு சேர்வது. எல்லாம் கச்சிதமாகச் சேர்ந்த பிறகும் பொருந்தாமை ஒன்று மிச்சமிருக்கும். அது கணக்கில் இருக்கிறது. நான்கு சிலிண்டர் டைப் 9-இன் முதல் கியர் 3.65, இரண்டாவது 1.97, மூன்றாவது 1.37, நான்காவது ஒன்றுக்கு ஒன்று, ஐந்தாவது 0.82. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள சியரா, குடும்பத்தையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு மேட்டில் கிளம்ப வேண்டும் என்பதற்காகப் போட்ட முதல் கியர் அது. நம் கிட் காரோ அறுநூறு கிலோவுக்குள். 3.92 டிஃபரன்ஷியலும் 1.8 மீட்டர் சுற்றளவுள்ள டயரும் வைத்துப் பாருங்கள். எஞ்சின் 6,500 சுற்றில் அலறும்போது முதல் கியரில் வேகம் மணிக்கு 49 கிலோமீட்டர்தான். இரண்டாவதுக்கு மாற்றினால் எஞ்சின் 3,500 சுற்றுக்கு விழுந்துவிடும். வளைவில் விளையாடக் கட்டிய காருக்கு உயிரே அங்கே போய்விடுகிறது.

டிஃபரன்ஷியலை 3.62-க்கு மாற்றலாம் என்பார்கள். முதல் கியர் வேகம் 53-க்கு உயரும். ஆனால் எல்லாக் கியரும் சேர்ந்தே நகர்வதால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளம் அப்படியே இருக்கும். வி6 பாக்ஸை வாங்கினால் முதல் கியர் 3.36, இரண்டாவது 1.81. காகிதத்தில் பார்க்க நன்றாக இருக்கிறது. வகுத்துப் பாருங்கள், அங்கேயும் 6,500-இலிருந்து 3,500தான். ஆக, பாக்ஸைத் திறந்து உள்ளே முதல் கியரையே மாற்றினால்தான் தீரும், அதற்கு ஆகிற காசு பாக்ஸின் விலையைத் தாண்டிப் போய்விடும். ஒரு கால்குலேட்டர் முதல் நாளே சொல்லியிருக்கும் இதை.

கடைசியாக, சுழலும் திசை. பெரும்பாலான கார் எஞ்சின்கள் ஒரே பக்கமாகத்தான் சுற்றும் என்பதால் இதை யாரும் யோசிப்பதில்லை. அமெரிக்காவில் 1960-களில் கலிஃபோர்னியாவின் புரூஸ் மையர்ஸ் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் தளத்தைக் குட்டையாக வெட்டி, மேலே ஃபைபர் உடம்பு பொருத்தி, மேங்ஸ் என்ற மணல் வண்டியைக் கிட்டாக விற்றார். அவரைப் பார்த்து அந்தப் பாணியில் வண்டி கட்டியவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு பீட்டிலின் சின்ன எஞ்சின் போதவில்லை. காற்றுக் குளிர்விப்பு, ஆறு சிலிண்டர், தட்டையான அமைப்பு என்று கைக்குக் கிடைத்தது செவ்ரலே கோர்வேர் எஞ்சின். அருமையான ஜோடி, ஒன்றைத் தவிர: கோர்வேர் எஞ்சின் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. அப்படியே மாட்டினால் வண்டிக்குப் பின்னால் போக நான்கு கியரும், முன்னால் போக ஒரே கியரும் இருக்கும்!

அந்த ஊர் ஆட்கள் பாக்ஸைப் பிரித்து, டிஃபரன்ஷியலின் கிரவுன் வீலைப் பினியனின் மறுபக்கத்துக்குத் திருப்பி வைத்தார்கள். சக்கரம் சரியான பக்கம் சுழன்றது. கெட்டிக்கார வேலை, நான் மறுக்கவில்லை. ஆனால் உள்ளே எல்லாப் பற்களும் இப்போது தங்கள் மறுமுகத்தில் பாரத்தைச் சுமக்கின்றன. சாய்வாக வெட்டிய பற்கள் ஷாப்டைத் தள்ளும் திசையும் மாறிவிடுகிறது. அதற்காகச் செய்யப்பட்ட பெட்டி அல்ல அது. ஹோண்டாவின் பழைய பி, டி வரிசை எஞ்சின்களும் இப்படி இடப்பக்கமாகச் சுற்றுகிறவைதான். பின்சக்கர பாக்ஸோடு அவற்றைச் சேர்க்க நினைக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது குதிரைத்திறனை அல்ல.

நம் ஊருக்கு வருகிறேன். சாலையில் பதிவான வண்டியில் இதையெல்லாம் செய்து பார்க்காதீர்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் கல்லூரி மாணவர்கள் போட்டிக்காகக் கட்டும் பாஹா வண்டிகளில் இந்தக் கதை ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது. போட்டி விதிப்படி பல ஆண்டுகளாகக் கிடைத்துவந்தது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனத்தின் சிறிய பெட்ரோல் எஞ்சின். பல அணிகள் அதோடு சேர்த்திருப்பது மகிந்திரா ஆல்ஃபா மூன்று சக்கர வண்டியின் கியர்பாக்ஸ். ஒன்று புல்வெட்டும் எந்திரத்தின் வம்சம், மற்றது சரக்கு ஆட்டோவின் வம்சம். நன்றாகவே ஓடுகிறது. ஏன் என்றால், அந்தச் சிறு எஞ்சின் கவர்னர் போட்டு 3,800 சுற்றுக்குள் அடக்கப்பட்டது. அந்தப் பாக்ஸும் மெதுவாகச் சுற்றும் டீசல் எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது. கியர் விகிதத்தில் இரண்டுக்கும் பெரிய மனத்தாங்கல் இல்லை. தோற்கிற அணிகள் பெரும்பாலும் தோற்பது, நடுவில் தாங்களே லேத்தில் கடைந்துபோட்ட கப்ளிங்கில்.

ஆகவே என் கட்சி இதுதான். எஞ்சின் மேல் முதலில் ஆசைப்பட்டு, பாக்ஸைப் பிறகு தேடுவது உலக வழக்கமாக இருக்கிறது. எஞ்சின் சத்தம் போடும், நண்பர்கள் வந்து பார்ப்பார்கள். கியர்பாக்ஸைப் பார்க்க யாரும் வருவதில்லை. உங்கள் வண்டியின் எடையையும் டயரையும் வைத்துக் கியர்பாக்ஸை முதலில் முடிவு செய்யுங்கள். அதன் இன்புட் ஷாப்டின் நீளம், பல் எண்ணிக்கை, சுழலும் திசை மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு எஞ்சின் வாங்கப் போங்கள். இந்தக் கல்லூரியின் நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள்: பட்டறையில் டயல் கேஜை அலமாரியில் பூட்டிவைத்து, தேர்வன்று மட்டும் எடுத்துக் கொடுக்காதீர்கள். சாவியை மாணவர்களிடமே விட்டுவிடுங்கள்.